வெண்பாவும் விடிகாலை ஜீப்பும்: ஒரு வீடியோ கேம் கதாபாத்திரத்தின் இலக்கிய மூலங்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

வீடியோ கேமைப் பற்றியெல்லாம் இந்தப் பக்கங்களில் எழுத வேண்டுமா என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். சினிமாவைப் பற்றி எழுத ஆரம்பித்தபோதும் இப்படித்தான் சுளித்தோம். பிறகு சினிமாவை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டு அரசியலைப் பேச முடியாது என்று நாமே கட்டுரை எழுதினோம். என் தெருப் பிள்ளைகள் கதை கேட்பதைவிடக் கதைக்குள் கையை விட்டுத் துழாவுவதில்தான் பொழுதைக் கழிக்கிறார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் இருப்பதை நான் கற்பு என்று நினைக்கவில்லை, சோம்பல் என்றுதான் நினைக்கிறேன்.

கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் ‘விசை கேம்ஸ்’ என்ற சிறு குழு 2023 ஜூலை 31-இல் ‘வெண்பா’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. எண்பதுகளில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன ஒரு பெண்ணின் கதை அது. அவள் பெயர் வெண்பா, கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். 1988-இல் தொடங்கும் கதை பல ஆண்டுகளைக் கடந்து நகர்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சமையல். தாய்வழி வந்த சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்று கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போனதை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டு அவிக்க வேண்டும், பிரியாணிக்குத் தம் போட வேண்டும். சுடுவதற்குத் துப்பாக்கி கிடையாது, துரத்த எதிரி கிடையாது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிற ஆட்டம். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருதை இதற்கு வழங்கியது. அதே ஆண்டு சுயாதீன ஆட்டங்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் முதன்மைப் பரிசும் கிடைத்தது.

தமிழுக்குக் கிடைத்த மரியாதை என்றார்கள். மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் விமர்சகனுக்கு அத்தோடு வேலை முடிந்துவிடுவதில்லை. இந்த வெண்பா யார்? எந்தெந்தப் பிரதிகளிலிருந்து எழுந்து வருகிறாள்? ஆக்கியவர்கள் என்னென்ன படித்தார்கள் என்று துப்புத் துலக்குவது என் நோக்கமல்ல. ஆசிரியனுக்கான இறுதிச் சடங்கை ரோலான் பார்த் 1960களிலேயே செய்து முடித்துவிட்டார். ஒரு பெயரைச் சூட்டியவுடன் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மொழியின் வரலாறு வந்து வரிசை கட்டிவிடுகிறது. சூட்டியவருக்குத் தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி. அந்த வரிசையில் யார் நிற்கிறார்கள், யாருக்கு இடமில்லை என்பதே என் கேள்வி.

கேட்கிற இடத்தையும் சொல்லிவிட வேண்டும். போடிநாயக்கனூர், ஏலமலைச் சரிவின் அடிவாரம். பொறியியல் படிக்கும் அக்கா மகள் விடுமுறைக்கு வந்தபோது மடிக்கணினியில் இந்த ஆட்டத்தை ஓட்டிக் காட்டினாள். பக்கத்தில் என் அம்மா உட்கார்ந்திருந்தாள். முப்பது வருசம் மலைமேல் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவள். பார்த்துக்கொண்டே வந்தவள் நடுவில் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. அதற்கு வந்து சேர மூன்று கொண்டை ஊசி வளைவுகள் திரும்ப வேண்டியிருக்கிறது.

2

முதல் வளைவு, யாப்பு.

நான்கு பாக்களில் முதலில் வைத்து எண்ணப்படுவது வெண்பா. கட்டுப்பாடு மிகுந்ததும் அதுதான். ஆசிரியப்பா தன் தளையோடு வேறு தளையும் விரவி வர இடம் கொடுக்கும், வெண்பா கொடுக்காது. மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். தமிழ் வாத்தியாரிடம் காதைத் திருகக் கொடுத்துப் படித்தது இன்னும் மறக்கவில்லை. ஒரு சீர் பிசகினால் பாட்டு முழுக்கப் போயிற்று. மற்ற அடிகளுக்கெல்லாம் நான்கு சீர், கடைசி அடிக்கு மட்டும் மூன்று. முடிகிற சீரும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளுக்குள் அடங்கியாக வேண்டும். குறளின் 1330 பாட்டும் இந்தக் கட்டுக்குள் நின்றுதான் பேசுகின்றன.

இந்த ஆட்டத்தை விளையாடிப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரிந்திருக்கும். இதன் புதிர்கள் எல்லாமே வரிசை பற்றியவை. எது முன், எது பின். தண்ணீர் முதலிலா, தட்டு முதலிலா. புட்டுக் குழலில் மாவுக்கு முன் தேங்காயா, பின்னா. தம் போடும் சட்டியில் எந்த அடுக்கின் மேல் எந்த அடுக்கு. ஓர் அடுக்கு மாறினால் பண்டம் கெட்டது, மறுபடி முதலிலிருந்து. அதாவது இந்தச் சமையல் வெண்டளையால் ஆனது. கதாநாயகிக்கு வைத்த பெயர் அலங்காரத்துக்கு வைத்தது மாதிரித் தெரிந்தாலும், ஆட்டத்தின் விதியையே அது சொல்லிவிடுகிறது. வெண்பாவுக்குரிய ஓசையைச் செப்பலோசை என்பார்கள். செப்புதல் என்றால் கேட்டவருக்குப் பதில் சொல்லுதல். அம்மா மகளுக்குச் செப்பியது புத்தகமாகி, பாதி அழிந்து, மகள் அதை மறுபடி கேட்டு வாங்குகிறாள். நல்ல பொருத்தம்.

இங்கேயே ஒரு நெருடலும் இருக்கிறது. 1988-இல் பிள்ளை பெறப்போகும் பெண் என்றால் 1960-ஐ ஒட்டிப் பிறந்திருப்பாள். அந்தக் காலத்தில் பெண் குழந்தைக்கு வெண்பா என்று பெயர் வைத்த வீடு எது? 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிவைத்த தனித்தமிழ் உணர்வு ஊறிய, படித்த வீடு ஒன்றாக இருந்திருக்கலாம். புருசன் பெயர் பாவலன் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் குடும்பமே யாப்பிலக்கணத்தில் சம்பந்தம் செய்த குடும்பமாகத் தெரிகிறது. சமையல் குறிப்பை எழுதிவைத்த அந்த அம்மா 1930களில் பிறந்தவளாக இருக்க வேண்டும். பொரியலுக்கும் புளிக்குழம்புக்கும் பக்குவம் எழுதிவைக்கிற அளவுக்கு எழுத்துக் கைவந்த பெண் அன்று எந்தத் தெருவில் இருந்தாள்? எல்லாத் தெருவிலும் இல்லை. ஆட்டம் சாதியைப் பேசுவதில்லை. பேசாமல் விட்டதைப் புத்தகம் பேசிவிடுகிறது.

என் அம்மாவோடு ஜீப்பில் போனவர்கள் பேச்சியம்மாள், வீருத்தாய், ஒச்சம்மாள், பஞ்சவர்ணம். எந்தப் பாவினத்திலும் சேராத பெயர்கள். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் மட்டும் ஏறிய பெயர்கள்.

3

இரண்டாம் வளைவு, நளன்.

வெண்பா என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு அடுத்து வாயில் வருவது நளவெண்பா. வெண்பாவுக்குப் புகழேந்தி என்று மரபு அவருக்குப் பட்டா எழுதிக் கொடுத்திருக்கிறது. நானூறுக்கு மேற்பட்ட வெண்பாக்களில் அவர் சொன்ன கதையை நினைத்துப் பாருங்கள். சூதாட்டத்தில் நாட்டை இழக்கிறான் நளன். ஊரை விட்டு வெளியேறுகிறான். கார்க்கோடகன் தீண்டியதில் உருவம் மாறுகிறது, பெயரும் மாறுகிறது. அயோத்தி மன்னனிடம் வாகுகன் என்ற வேலைக்காரனாய்ச் சேர்ந்து தேர் ஓட்டுகிறான், சமைக்கிறான். நளபாகம் என்ற சொல் அவன் கைப்பக்குவத்தால் வந்தது. பாரதத்தில் வரும் நளன் கதையில் தமயந்தி தோழி கேசினியை அனுப்பி வாகுகன் சமைத்த இறைச்சியை எடுத்துவரச் சொல்கிறாள். வாயில் வைக்கிறாள். அவன்தான் என்று தெரிந்துகொள்கிறாள்.

இப்போது ஆட்டத்துக்கு வாருங்கள். ஊரை விட்டு வந்த குடும்பம். பெயர் மாற்றம்: பள்ளிக்கூடத்தில் தன்னைக் கெவின் என்று கூப்பிடச் சொல்கிறான் கவின். உருவமும் வாயும் மாறுகின்றன: வீட்டுச் சோறு வேண்டாம், பீட்சா வேண்டும். பல ஆண்டுகள் கழித்து ஆட்டம் மகன் கைக்குப் போகிறது. அம்மாவின் குறிப்பை வைத்துக்கொண்டு, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் அவன் சமைக்கிறான். கடைசியில் வெண்பா தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிட, மகன் அவளைத் தேடி வருகிறான். நாடு இழத்தல், பெயர் இழத்தல், சமையலில் ஒளிந்திருத்தல், ருசியால் அறியப்படுதல், திரும்புதல். நளன் கதையின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. நளன் கதையே ஓர் ஆட்டத்தில் தொடங்கி ஓர் ஆட்டத்தில் முடிகிற கதை என்பதையும் மறக்க வேண்டாம். சூதில் தோற்ற தருமனுக்கு, சூதில் தோற்ற இன்னொருவன் கதையை வனத்தில் வைத்து ஒரு முனிவர் சொல்கிறார். ஒரு மரத்தின் இலையையும் காயையும் எண்ணாமலே எண்ணிச் சொல்லும் கணக்கு வித்தையை நளன் கற்றுக்கொண்ட பிறகுதான் பகடை அவன் பக்கம் திரும்புகிறது.

ஆக்கியவர்கள் புகழேந்தியைப் படித்திருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. இந்தக் கதைக்கட்டு நம் காற்றில் இருக்கிறது. புலம்பெயர்ந்தவர்கள் எதை விட்டுப் போனாலும் இதை விட்டுப் போவதில்லை.

ஆனால் நளன் யார்? ராசா. அவன் சமைத்தது மாறுவேடத்தில். சமையல் அவன் பிழைப்பல்ல, சாபம் தீரும்வரை தங்கிய இடம். அடையாளம் தெரிந்ததும் கரண்டியை வைத்துவிட்டுக் கிரீடத்தை எடுத்துக்கொள்கிறான். கண்டறியப்படும் காட்சி ஒருவருக்கு வாய்க்க வேண்டுமானால் அவருக்கு முன்பே ஒரு மேலான அடையாளம் இருந்திருக்க வேண்டும். அதைத் தேடி ஒருத்தி ஆளனுப்ப வேண்டும். திரும்பிப்போக ஒரு நாடு வேண்டும். வாகுகனோடு அதே அடுப்படியில் வெந்துகொண்டிருந்த மற்ற சமையற்காரர்களை எந்தத் தமயந்தியும் ருசி பார்க்கவில்லை. அவர்களுக்கு அது வேசமில்லை.

4

மூன்றாம் வளைவு, அம்பை.

ஆட்டத்தின் கதை தொடங்கும் அதே 1988-இல்தான் அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ தொகுப்பு வெளிவந்தது. தற்செயல்தான். ஆனாலும் விமர்சகன் தற்செயல்களைக் கவனிக்கக் கடமைப்பட்டவன். தலைப்புக் கதையில் ராஜஸ்தானத்துப் பெரிய குடும்பம் ஒன்று. ருசி ருசியாய்ச் சாப்பிடத் தெரிந்த வீடு. சமைக்கும் இடம் மட்டும் இருண்ட மூலை. தெற்கிலிருந்து போன மருமகள் மீனாட்சி அந்த மூலையைக் கொஞ்சம் மாற்றலாமா என்று கேட்டதற்கே வீடு கலங்கிப்போகிறது. மாமியார் ஜீஜி அந்த மூலையைத் தன் அரசாங்கம் என்று நம்பி வாழ்ந்தவள். அடுப்பிலிருந்து கிடைப்பது அதிகாரமா, அதிகாரம் இல்லாததை மறக்கக் கொடுத்த மிட்டாயா என்று கதை கேட்கிறது.

வெண்பாவின் அடுப்படியில் இந்தக் கேள்வி இல்லை. சமையல் அங்கே நினைவு, பாசம், மொழி, அடையாளம் எல்லாமாக இருக்கிறது. வேலையாக மட்டும் இல்லை. மகன் சாப்பிடவில்லையே என்ற வலி இருக்கிறது. நான்தானே தினமும் சமைக்கிறேன் என்ற சலிப்பு அந்த அளவுக்கு இல்லை. அம்பையிடமிருந்து அடுப்படி வந்திருக்கிறது, அடுப்படி குறித்த சந்தேகம் வந்து சேரவில்லை. புலம்பெயர் வாழ்வில் வெளியே எல்லாம் பறிபோகும்போது அடுப்படி ஒரு கோட்டையாகிவிடுவது புரிகிறது. கோட்டைக்குள் இருப்பவளிடம் உன் கோட்டையே சிறைதான் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. அம்பைக்கு வந்தது. அதனால்தான் அந்தக் கதை இன்றும் குத்துகிறது.

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்திருப்பேன். ‘படித்த வர்க்கத்தின் நினைவேக்கம்’ என்று ஒரு தலைப்பும் யோசித்து வைத்திருந்தேன். அம்மா கெடுத்துவிட்டாள்.

5

இட்லித் தட்டை அடுக்கும் கட்டத்தில் அக்கா மகள் இரண்டு தடவை தோற்றாள். வேண்டுமென்றே தோற்றாளோ என்னவோ. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“குழிக்கு மேல குழி வச்சா ஆவி எங்கிட்டு ஏறும்? மாத்தி வையி தாயி” என்றாள்.

புட்டு வந்தபோது கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டத்தில் வந்துவிட்டாள். “தேங்காப்பூ மொதல்ல. அடியில மாவப் போட்டா அப்பிக்கிரும்.” போடியில் என் சின்ன வயசில் புட்டுக்குழல் எங்கள் வீட்டில் இல்லை. மலைமேல் மலையாளத்துக்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்து அம்மா வாங்கியது. பாரம்பரியம் என்று நாம் சொல்வதில் பாதி இப்படி எல்லை தாண்டி வந்ததுதான்.

பிரியாணிக் கட்டத்தில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“ஏன் பாப்பா, இந்தப் பிள்ளைக்கி ஜீப்பு எத்தன மணிக்கி?”

“ஜீப்பெல்லாம் இல்ல அம்மாச்சி. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கலாம்.”

“அப்படியா” என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்பன்னா நல்லாத்தான் சமைக்கலாம்” என்றாள்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். போடி, தேவாரம், கம்பம் பகுதி ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்புகள் கிளம்பி மலை ஏறுகின்றன. எங்கள் தெரு முக்கில் ஐந்து மணிக்கு நிற்கும். அதற்கு அம்மா மூன்று மணிக்கு எழுந்து அடுப்புப் பற்றவைக்க வேண்டும். தனக்குத் தூக்குச்சட்டியில் சோறு, எங்களுக்குக் காலைக்கும் மத்தியானத்துக்கும் சேர்த்து ஒரு பானை, அப்பாவுக்குத் தனியாக. ஆரன் சத்தம் கேட்டால் அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கிவிட்டு ஓட வேண்டியதுதான். விட்டால் அன்றைய கூலி போனது. பிதுங்கப் பிதுங்க ஆளேற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக வண்டி இடுக்கி மாவட்டத்துக்குள் இறங்கும். 1956 மாநிலப் பிரிவினையில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. அதிலிருந்து இந்தப் பெண்கள் தினமும் காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை மாநில எல்லையைக் கடக்கிறார்கள். புலம்பெயர் இலக்கியம் பற்றி இவ்வளவு பேசுகிறோம், தினசரிப் புலம்பெயர்வுக்கு நம்மிடம் பெயர்கூடக் கிடையாது. 2010 கடைசியில் நின்றுபோன போடி ரயில், அகலப் பாதையாகி 2023 ஜூன் 15-இல் திரும்பி வந்தது. ஊரே கொண்டாடியது. அதற்கும் மலைக்குப் போகிற ஜீப்புக்கும் சம்பந்தமில்லை.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது. தூரில், தரையோடு படர்ந்த சரத்தில் காய்க்கும். குனிந்து, குத்தவைத்து, பழுக்கப்போகிற காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். 40, 45 நாளைக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். மழைக்காலத்தில் அட்டைக்கடி வேறு. சுமார் 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் 1 கிலோ தேறும். பிறகு போடிக் கிட்டங்கிகளில் வேறு பெண்கள் உட்கார்ந்து பொறுக்கித் தரம் பிரிப்பார்கள். பிரியாணியில் விழும் இரண்டு ஏலக்காய்க்குப் பின்னால் இத்தனை கைகள். டொராண்டோ அடுப்படிக்கு ஏலம் மணமாகப் போய்ச் சேர்கிறது. குனிந்த முதுகு போய்ச் சேர்வதில்லை.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். வெண்பாவின் அடுப்படியில் கடிகாரம் ஓடவில்லை. சமையல் ஆட்டங்கள் இதற்கு முன்னும் வந்திருக்கின்றன. 2006-இல் வந்த ‘குக்கிங் மாமா’, 2016-இல் வந்த ‘ஓவர்குக்ட்’ எல்லாவற்றிலும் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். திரையின் மூலையில் கடிகாரம் கங்காணி மாதிரி உட்கார்ந்திருக்கும். முடிக்காவிட்டால் தண்டம். வெண்பாவை ஆக்கியவர்கள் அந்தக் கங்காணியை வெளியே அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் ஆட்டம் இவ்வளவு அழகாக இருக்கிறது. அதனால்தான் அங்கே சமையல் மரபாகவும் முடிகிறது. கடிகாரம் இல்லாத சமையலை மரபு என்கிறோம், கடிகாரத்துக்குக் கீழே நடந்தால் அது வேலை. ஒரே இட்லி, ஒரே தட்டு. நேரம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று பண்பாடாகிறது, இன்னொன்று கூலிக்காரியின் காலைப்பொழுதாகிறது. இந்த வித்தியாசத்தை எந்தக் கோட்பாட்டுப் புத்தகமும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஆனால் அம்மா ஆட்டத்தைக் குறை சொல்லவில்லை. ‘நல்லாத்தான் சமைக்கலாம்’ என்றாள். அதில் ஏக்கம் இருந்தது, குற்றச்சாட்டு இல்லை. தட்டை மாற்றி வைக்கச் சொன்னபோது அவள் கை தன்னால் காற்றில் எழுந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவள், கிழிந்த புத்தகத்தில் விட்டுப்போனதைப் படித்துவிட்டாள். அவளுக்கு அந்தப் புத்தகம் ஆரம்பத்திலிருந்தே தேவைப்படவில்லை. ஆட்டத்தின் கதை நளன் பக்கம் நிற்கிறது என்றேன். ஆட்டத்தின் கை என் அம்மா பக்கம் நிற்கிறது. கதை அடையாளம் பற்றிப் பேச, விளையாடும் முறையோ தெரிதலைப் பற்றி, தவறி மறுபடி செய்வதைப் பற்றி, வேலையைப் பற்றிப் பேசுகிறது. நாவலில் இது முடியாது. வாசகன் கையைக் கட்டிக்கொண்டு படித்துவிட்டுப் போகலாம். இங்கே தோற்காமல் அடுத்த பக்கத்துக்குப் போவது கஷ்டம். நினைவேக்கம் என்ற ஒற்றை வார்த்தையில் இதைத் தள்ளிவிட நினைத்தது என் தவறு.

6

இந்தச் சரிவு வெண்பாவுக்குள் வேறொரு வழியாகவும் நுழைந்திருக்கிறது. காது வழியாக. சமைக்கும்போது வானொலியில் பாட்டு ஓடுகிறது. காலம் மாற மாறத் தமிழ் சினிமாப் பாட்டின் சாயல்களும் மாறுகின்றன. எண்பதுகளின் சாயலில் ஒரு மெட்டைக் கேட்டால் இளையராஜா நினைவுக்கு வராமல் போவாரா? ‘அன்னக்கிளி’ வந்தது 1976-இல். அவர் பிறந்த பண்ணைப்புரம் இதே மலையின் அடிவாரத்தில், எங்களுக்குப் பக்கத்து ஊர்.

அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூசுக்காக இந்தத் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே பாடினார், தம்பியும் உடன் போனார். அம்மாவின் தலைமுறைக்கு மூத்த பெண்கள் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துக் கேட்ட பாட்டு அது. அதில் வெண்டளை கிடையாது. தெம்மாங்கும் சினிமா மெட்டும் கலந்த, தெருவில் பாடுகிற பாட்டு. வெண்பாவின் கணவனுக்குப் பாவலன் என்று பெயர் வைத்தவர்கள் இந்தப் பாவலரை நினைத்து வைக்கவில்லை என்றே எடுத்துக்கொள்வோம். எங்கள் ஊரில் நின்று அந்தப் பெயரைக் கேட்கிறவனுக்கு வேறு எந்தப் பாவலன் நினைவுக்கு வருவான்? மரபு இரண்டு இருக்கிறது. ஒன்று எழுதி அடுக்கி வைத்தது, கிழிந்தாலும் ஒட்டிப் படிக்கலாம். மற்றது பாடிவிட்டுப் போனது. வெண்பா முதலாவதின் மகள். இரண்டாவது அவள் வீட்டில் வானொலியாக மட்டும் இருக்கிறது.

தோட்டத்தைப் பற்றி நம்மிடம் எழுத்து இல்லாமல் இல்லை. புதுமைப்பித்தன் 1935-இல் ‘துன்பக்கேணி’ எழுதினார். பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ நாவலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் தந்தார். 2018-இல் லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ இந்தச் சரிவிலேயே எடுக்கப்பட்டது. துண்டு நிலம் வாங்கச் சேர்த்த ரங்கசாமியின் ஏலமூட்டை மலையிலிருந்து உருண்டு சிதறும் காட்சியைப் போடியில் பார்த்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். இந்த வரிசையில் பசி இருக்கிறது, சாவு இருக்கிறது, நிலம் இருக்கிறது. அதிகாலை மூன்று மணிக்கு எரிகிற அடுப்பை யாரும் நின்று பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சமையலை எழுத வந்தவர்கள் தோட்டத்துக்கு வரவில்லை. தோட்டத்தை எழுத வந்த நாம் அடுப்படிக்குப் போகவில்லை. வெண்பாவைக் குறை சொல்லும் தோழர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த வரிசையில் பேச்சியம்மாளுக்கு இடமில்லாமல் போனதற்கு டொராண்டோவை மட்டும் நோவதில் நியாயமில்லை.

7

ஆட்டம் முடிந்த மறுநாள் அக்கா மகள் நோட்டை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் உட்கார்ந்தாள். அம்மாச்சி சமையலை எழுதிவைக்க வேண்டுமாம். முருங்கைக்கீரையும் பருப்பும் போட்டு அம்மா செய்வதைக் கேட்டாள். எவ்வளவு பருப்பு என்றதற்குக் கையைக் காட்டினாள். எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்றதற்கு அம்மா சொன்னது இது:

“பருப்ப ஏத்திட்டு நான் குளிச்சு வந்துருவேன். கீரையப் போட்டுட்டுத் தலை சீவுவேன். மொத ஆரன் கேக்கும், அது மேலத் தெருவுல. அப்ப உப்பு. ரெண்டாவது ஆரனுக்கு எறக்கிரணும்.”

அக்கா மகள் என்னைப் பார்த்தாள். “மாமா, ஆரன்னு எழுதினா யாருக்குப் புரியும்? நிமிசத்துல போட்டுரவா?”

வேண்டாம் என்றேன். ஆரன் என்றே எழுதச் சொன்னேன். நிமிசக் கணக்குப் போட்டால் அது எல்லார் வீட்டுக் கீரையாகிவிடும். ஆரன் இருந்தால்தான் அந்தக் கீரை எந்த மலைக்குப் போகிறவள் ஆக்கியது, யாருடைய நேரத்துக்குப் பயந்து ஆக்கியது என்று அடுத்து படிப்பவர் ஒரு நிமிசமாவது நின்று கேட்பார். எழுதுகிறவர்களுக்கும் ஆட்டம் செய்கிறவர்களுக்கும் நான் வைக்கும் கோரிக்கை இவ்வளவுதான்: குறிப்புகளைச் சேகரியுங்கள், ஆரனை வெட்டிவிடாதீர்கள். அம்மா ஜீப் ஏறுவதை நிறுத்தி ஏழெட்டு வருசமாகிறது. ஐந்து மணிக்கு எங்கள் தெரு முக்கில் ஜீப் இன்றும் நிற்கிறது.